அபராதம் என்னும் 'அநியாயம்'

நெடுஞ்சாலையோரத்துக் கம்பம் ஒன்றில் வேகக் கண்காணிப்புக் கேமரா பொருத்தப்பட்ட மறுநாளே அதைப் பற்றிய தீர்ப்பும் எழுதப்பட்டுவிடுகிறது. "இஃது உயிரைக் காக்க வைத்ததன்று, கஜானாவை நிரப்ப வைத்தது" என்பதே அத்தீர்ப்பு. திருமண வரவேற்புகளிலும் தேநீர்க் கடைகளிலும் கற்றோரும் மற்றோரும் ஒரே குரலில் இதனை உரைக்கின்றனர். கைப்பேசியில் இ-சலான் வந்து சேர்ந்தவர் தம்மைப் பொருள் பறிகொடுத்தவராகவே கருதுகிறார். சுற்றியிருப்போரும் துக்கம் விசாரிப்பது போல் விசாரிக்கின்றனர். அவர் மணிக்கு எத்தனை கிலோ மீட்டர் வேகத்தில் சென்றார் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விடுவதில்தான் இவ்வாதத்தின் வலிமை முழுவதும் அடங்கியிருக்கிறது. பெட்ரோலுக்கும் சோப்புக்கும் நாம் செலுத்தும் வரியிலிருந்து தப்ப வழியில்லை. வேகத்துக்கான அபராதமோ, காலையோ கையையோ சற்றே தளர்த்தினால் ஒரு காசும் கேட்காத வரி. இதனைக் கொள்ளை என்போர், கொள்ளை போகாதிருக்கும் திறவுகோல் தம் கையிலேயே இருப்பதை ஏன் சொல்வதில்லை?

"இருபது கிலோ மீட்டர் கூடப் போனால் என்ன குடியா முழுகிவிடும்?" என்பது அடுத்த வாதம். கணக்கிட்டுப் பார்ப்போம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் கார், நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகிறது. கண் கண்டதைக் கால் உணர்ந்து பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆகும் எனக் கொண்டால், அதற்குள் 17 மீட்டர் கடந்துவிடுகிறது. அதன் பின்னர், ஈரமில்லாத நல்ல சாலையில், வண்டி நிற்க இன்னும் ஏறத்தாழ 20 மீட்டர் வேண்டும். ஆக 37 மீட்டர். இதே கார் 80 கி.மீ. வேகத்தில் வந்தால் முதல் நொடியில் 22 மீட்டரும், பிரேக் பிடித்த பின் 35 மீட்டரும் ஓடி, 57 மீட்டரில்தான் நிற்கும். இப்போது 40 மீட்டர் தொலைவில் ஒரு குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு சாலைக்குள் ஓடி வருகிறது என வைத்துக்கொள்வோம். அறுபதில் வந்தவர் குழந்தைக்கு மூன்று மீட்டர் முன்னால் வண்டியை நிறுத்தி, கோபத்தோடு அதன் தாயைத் தேடுவார். எண்பதில் வந்தவரின் கார் அக்குழந்தையை அடையும்போது இன்னும் மணிக்கு 55 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். கூடுதலாகச் சென்றது இருபதுதான். குழந்தையின் மேல் மோதுவதோ ஐம்பத்தைந்து. ஓட்டுநரின் திறமை இக்கணக்கில் எங்கும் நுழைவதில்லை. முப்பதாண்டு அனுபவமுள்ள ஓட்டுநருக்கும் நேற்று உரிமம் பெற்ற இளைஞனுக்கும் பௌதிக விதி ஒன்றே.

மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் தந்த கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் எழுபது விழுக்காட்டுக்கும் மேலானோரின் இறப்புக்கு மிகை வேகமே காரணமெனப் பதிவாகியுள்ளது. காவல் நிலையப் பதிவேட்டில் 'மிகை வேகம்' என்பது எளிதில் எழுதப்படும் சொல் என்பதையும், சாலையின் குழியும் வெளிச்சமின்மையும் அதன் பின்னே மறைந்துகொள்ளக்கூடும் என்பதையும் ஒப்புக்கொள்வோம். அவ்வாறு கழித்துக்கொண்டாலும் எஞ்சுவது சிறு தொகையன்று. அதே ஆண்டில் அதிக எண்ணிக்கையில் விபத்துகள் பதிவான மாநிலம் நம் தமிழ்நாடு. இறப்பில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம். இறந்தோர் யாவர் என்று பார்த்தால் வாதத்தின் வேறொரு முகம் தெரியும். நாடு முழுவதும் மாண்டவர்களில் ஏறத்தாழ நாற்பத்தைந்து விழுக்காட்டினர் இரு சக்கர வாகனத்தில் சென்றோர். ஐவரில் ஒருவர் கால்நடையாகச் சென்றவர். ஆகஸ்டு மாதக் கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரமாகக் காவியுடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் குடும்பங்களைக் கண்டவர்களுக்கு இந்த 'ஐவரில் ஒருவர்' யார் என்று விளக்க வேண்டியதில்லை. காருக்குள் இருப்பவர் தம் சுதந்திரத்தைப் பற்றிப் பேசுகிறார். அச்சுதந்திரத்தின் விலையைக் கொடுப்பவர் பெரும்பாலும் காருக்கு வெளியே இருக்கிறார்.

சரி, கேமரா வைத்தால் வேகம் குறையுமா? விபத்து குறையுமா? இங்கேதான் உணர்ச்சியை ஒதுக்கிவிட்டு ஆராய வேண்டும்.

இக்கருவியின் பிறப்பே வேடிக்கையானது. 1953ஆம் ஆண்டு மான்டி கார்லோ கார் பந்தயத்தில் வென்ற டச்சுக்காரர் மாரிஸ் காட்சோனைட்ஸ், வளைவுகளில் தாம் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறோம் என்று அளந்து, இன்னும் வேகமாகத் திரும்புவதற்காக இதனை உருவாக்கினார். வேகத்தைக் கூட்டப் பிறந்த கருவி வேகத்தைக் குறைக்கும் பணிக்கு வந்து சேர்ந்தது. 1992இல் இங்கிலாந்தில் இது சாலைக்கு வந்தது. அன்று முதல் இன்று வரை அதன் பயனைக் குறித்துப் பல நாடுகளில் ஆய்வுகள் நிகழ்ந்துள்ளன. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழுமம் 2010இல் இத்தகைய 35 ஆய்வுகளை ஒருங்கே வைத்து ஆராய்ந்தது. கேமராக்களின் அருகே மொத்த விபத்துகள் 8 முதல் 49 விழுக்காடு வரை குறைந்திருந்தன. உயிரிழப்போ கடுங்காயமோ விளைவித்த விபத்துகள் 11 முதல் 44 விழுக்காடு வரை குறைந்திருந்தன. ஆய்வுகளின் தரம் சுமாரானதே என்று அம்மதிப்பாய்வே சொல்கிறது. ஆகவே துல்லியமான அளவை அது உறுதி செய்யவில்லை. ஆனால் எல்லா ஆய்வுகளும் ஒரே திசையைக் காட்டின என்பதை மறுப்பதற்கில்லை.

எதிர்ப்பாளரின் கையில் ஒரு நல்ல அம்பு உண்டு. ஒரு வளைவில் ஓராண்டில் தற்செயலாக ஆறு விபத்துகள் நேர்கின்றன. அதிகாரிகள் பதறிப்போய் அங்கே கேமரா வைக்கின்றனர். மறு ஆண்டு மூன்றுதான். உடனே கேமராவுக்குப் பாராட்டு விழா! உண்மையில், கேமரா இல்லாவிட்டாலும் அவ்வெண்ணிக்கை தன் வழக்கமான அளவுக்குத் திரும்பியிருக்கும். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது கட்டிய தாயத்துக்குக் கிடைக்கும் புகழைப் போன்றது இது. இவ்வாதம் முற்றிலும் சரி. பழைய ஆய்வுகள் சில இப்பிழையால் பயனை மிகைப்படுத்தின என்பதும் உண்மை. ஆயினும், இதனைக் கழித்துக் கணக்கிட்ட ஆய்வுகளிலும் பயன் சுருங்கியதே தவிர மறையவில்லை.

இன்னொரு குறையை நாம் அன்றாடம் கண்ணால் காண்கிறோம். கேமராவைக் கண்டதும் பிரேக், கடந்ததும் பாய்ச்சல். பிரிட்டனின் கேமராக்களை ஆராய்ந்து லண்டன் பொருளியல் பள்ளியிலிருந்து 2017இல் வெளிவந்த ஆய்வு, கேமராவிலிருந்து 500 மீட்டருக்குள் விபத்துகள் 17 முதல் 39 விழுக்காடு வரை குறைந்ததைக் காட்டியது. அதே ஆய்வு, ஒன்றரைக் கிலோ மீட்டருக்கு அப்பால் விபத்துகள் மீண்டும் கூடுவதற்கான அறிகுறியையும் காட்டியது. இதிலிருந்து 'கேமரா வீண்' என்னும் முடிவுக்குத் தாவுகிறவர்கள், ஒரு தெருவில் காவலர் நின்றால் திருடன் அடுத்த தெருவுக்குப் போகிறான், ஆகவே காவலரே வேண்டாம் என்று வாதிடுவார்களா? இரண்டு தெருவிலும் காவலர் வேண்டும் என்பதல்லவா முறையான முடிவு!

பிரான்சு நாட்டைப் பாருங்கள். 2002இல் ஆண்டுக்கு ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே சாலைகளில் மாண்டனர். 2003 அக்டோபரில் தானியங்கிக் கேமராக்கள் நிறுவத் தொடங்கினர். 2010இல் இறப்பு நாலாயிரத்துக்குக் கீழ் இறங்கியிருந்தது. மது, இருக்கைப் பட்டை, கார்களின் கட்டமைப்பு ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டு. நம் பக்கத்தில் பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையிலும் இதே எச்சரிக்கை தேவை. 2023 மார்ச்சில் திறந்த அச்சாலையில் அவ்வாண்டே நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்; 2024இல் இறப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. இடையில் கேமராக்களும் வந்தன; இரு சக்கர வாகனங்களுக்கும் ஆட்டோக்களுக்கும் தடையும் வந்தது. முழுப் புகழையும் கேமராவுக்கே சூட்டுவோருக்கும், அதற்கு எதுவுமே இல்லை என்போருக்கும் நான் பெரிய வேறுபாடு காணவில்லை.

'கஜானா' வாதத்துக்கு மீண்டும் வருவோம். அதில் நியாயமே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும். பிரிட்டனில் 2007 வரை, அபராதப் பணத்திலிருந்தே கேமரா நடத்தும் உள்ளூர் அமைப்புகள் தம் செலவை எடுத்துக்கொண்டன. மக்களின் ஐயத்துக்கு உரம் போட்டது அந்த ஏற்பாடுதான். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், சிவப்பு விளக்கில் அசையாமல் நின்றிருந்த கார் வேகமாகச் சென்றதாகச் சீட்டு அனுப்பப்பட்ட கூத்து 2012இல் அம்பலமாயிற்று; மறு ஆண்டே அத்திட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. பிரான்சில் 2018–19இல் மஞ்சள் சட்டைப் போராட்டத்தின்போது நாட்டின் கேமராக்களில் பாதிக்கு மேல் சேதப்படுத்தப்பட்டன. கண்டதைக் கண்டபடி எழுதும் கருவியையும், அதை ஏவுகிறவரின் நோக்கத்தையும் மக்கள் பிரித்துப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டுமென்று எதிர்பார்ப்பதும் தவறு.

நம் சட்டம் இதனை ஓரளவு முன்னரே உணர்ந்திருக்கிறது. 2019ஆம் ஆண்டின் திருத்தம், இலகுரக வாகனங்களின் மிகை வேகத்துக்கான அபராதத்தை, முதல் முறைக்கு 400 ரூபாய்க்கு மிகாமல் இருந்த நிலையிலிருந்து, 1000 முதல் 2000 ரூபாய் வரை உயர்த்தியது. தமிழ்நாட்டில் புதிய அபராதங்கள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. 2021 ஆகஸ்டில் வெளியான 167-ஏ விதியோ, கேமரா இருக்கும் இடத்துக்கு முன்பே தெளிவான எச்சரிக்கைப் பலகை வேண்டும் என்கிறது. கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்புதல் சான்று வேண்டும் என்கிறது. நிகழ்ந்த 15 நாள்களுக்குள் அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும் என்கிறது. அபராதத்தை எதிர்ப்போரில் எத்தனை பேர் இவ்விதியைப் படித்திருக்கிறார்கள்? 'கேமராவே வேண்டாம்' என்று முழங்குவதை விடுத்து, 'பலகை எங்கே? சான்று எங்கே?' என்று கேட்டால் அரசுக்கு வேர்க்கும்.

ஆயிரம் ரூபாய் என்பது எல்லாருக்கும் ஒரே ஆயிரம் அன்று. உணவுப் பொட்டலத்தைக் குறித்த நேரத்துக்குள் சேர்க்க ஓடும் இளைஞனுக்கு அஃது ஒரு நாள் உழைப்பை விழுங்கும். சொகுசுக் காரில் போகிறவருக்கு ஒரு மாலைச் சிற்றுண்டிச் செலவு. பின்லாந்தில் வருமானத்துக்கேற்ப அபராதம் விதிக்கிறார்கள். அங்கே 50 கி.மீ. எல்லைக்குள் 82 கி.மீ. வேகத்தில் சென்ற செல்வந்தர் ஒருவர் 2023இல் செலுத்த வேண்டியிருந்தது 1,21,000 யூரோ. நம் ஊரில் வருமானத்தைக் கண்டறிவதே பெரும்பாடு என்பதால் அம்முறையை அப்படியே கொண்டுவர இயலாது. வாகனத்தின் விலையையாவது அளவுகோலாகக் கொள்ளலாமே! உணவு கொண்டுசெல்லும் இளைஞனின் வேகத்துக்கு, நேரக் கெடு விதிக்கும் நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டும் என்று கேட்பதிலும் தவறில்லை.

இத்தனைக்கும் பின்னர், கேமராவுக்காக நான் வாதாடுவதற்கு முதற்காரணம் வேறு. அதற்குக் காதில்லை. "நான் யார் தெரியுமா?" என்னும் கேள்வி அதன் செவியில் விழுவதில்லை. கார்க் கண்ணாடியில் ஒட்டிய பதவிப் பட்டையை அது மதிப்பதில்லை. மடித்து நீட்டிய ஐம்பது ரூபாய்த் தாளை வாங்கக் கையும் அதற்கில்லை. சாலையோரத்தில் காவலர் கைகாட்டி நிறுத்தும் முறையில் சிக்கிக்கொள்கிறவர் யார், சிரித்துப் பேசிவிட்டுச் செல்கிறவர் யார் என்பது நாடறிந்தது. அந்தப் பழைய ஏற்பாட்டில் எவருக்கு வசதி இருந்ததோ, அவர்களின் குரலே இன்று 'மக்கள் குரலாக' உரத்து ஒலிக்கிறது என்று நான் ஐயுறுகிறேன்.

கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். இராஜசேகரன், சாலை விபத்துகளில் நொறுங்கியவர்களைப் பார்த்துப் பார்த்து, 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொது நல வழக்குத் தொடுத்தார். அதே வழக்கில்தான், மின்னணுக் கண்காணிப்பைக் கட்டாயமாக்கும் 136-ஏ பிரிவை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டுமென நீதிமன்றம் 2024 செப்டம்பரில் அறிவுறுத்தியது. கம்பத்துக்கு ஒரு கேமரா வைத்துப் படம் காட்டுவதால் இவ்வறிவுறுத்தல் நிறைவேறாது. இத்தாலியில் 2005 முதலே, இரண்டு இடங்களுக்கிடையே வாகனம் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு சராசரி வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். அங்கே கேமராவைக் கண்டு பிரேக் பிடித்துப் பயனில்லை. நம் நெடுஞ்சாலைகளில் இதற்கான பாதி வேலை முடிந்தே இருக்கிறது. சுங்கச் சாவடிகளுக்கிடையே பொதுவாக 60 கி.மீ. இடைவெளி வேண்டுமென்பது விதி. 2021 பிப்ரவரி முதல் ஃபாஸ்டேக் கட்டாயம். ஒரு சாவடியைக் கடந்த நேரமும் அடுத்ததைக் கடந்த நேரமும் கணினியில் பதிவாகின்றன. அறுபது கிலோ மீட்டரை முப்பது நிமிடத்தில் கடந்த கார், வழியில் எத்தனை கேமராக்களுக்கு முன் பணிந்திருந்தாலும், சராசரியாக 120 கி.மீ. வேகத்தில் வந்திருக்கிறது. கட்டணம் பிடிக்க நொடியும் தவறாத அந்தக் கணினியிடம் இச்சிறு வகுத்தல் கணக்கை ஏன் இன்னும் கேட்கவில்லை என்பதைப் போக்குவரத்துத் துறைதான் விளக்க வேண்டும்.