ராத்திரி ரத்தம்

எங்கள் பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரில் இந்த வாரம் புதுச் சுவரொட்டி: 'விரைவீக்கமா? ஆபரேஷன் வேண்டாம், ஒரே ஊசி!' மீசை அரும்பிய பையன் ஒருவன், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அந்த எண்ணைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு போனான். எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

விரையைச் சுற்றிச் சேர்ந்த நீரை ஊசியால் இழுத்தால் பெரும்பாலும் மறுபடி சேரும். எதனால் சேர்ந்தது என்று பார்ப்பவர் யார்? பந்து பட்ட அடியாக இருக்கலாம். சிறுநீர்த் தொற்றோ பால்வினைத் தொற்றோ விரைவரை இறங்கியிருக்கலாம். வெரிகோசீல் என்ற நாளப் புடைப்புக்கான அறுவைக்குப் பிறகும் வருவதுண்டு. இளவயதில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது விரைப் புற்று. அதைச் சுற்றியும் நீர் கோக்கும். அங்கே கண்ணை மூடிக்கொண்டு ஊசி குத்தினால் புற்று பரவக்கூடும். இருட்டறையில் டார்ச் அடித்தால் நீர் சிவந்து ஒளிரும். உள்ளே விரை எப்படியிருக்கிறது என்பதை ஸ்கேன்தான் காட்டும். திடீரென்று உயிர்போகிற வலி என்றால் விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம். 6 மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் இருக்க வேண்டும்.

அப்புறம் இன்னொரு காரணம், கொசு. திறந்த சாக்கடைகளைப் பற்றி நான் எழுதி ஓய்ந்ததில்லை. கியூலெக்ஸ் கொசு பெருகுவது அங்கேதான். அது கடத்தும் யானைக்கால் புழுவால் ஆண்களுக்குக் கால் வீங்குவதைவிட விரை வீங்குவதே அதிகம். யானைக்காலைக் 'கும்பகோணம் கால்' என்று கேலி பேசிய ஊர், வேட்டிக்குள் மறைந்த வீக்கத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

1877இல் சீனாவின் அமாய் துறைமுகத்தில் பாட்ரிக் மேன்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், ரத்தத்தில் இந்தப் புழுவின் குஞ்சுகள் இருந்த தன் வேலையாளைக் கொசுக்கள் கடிக்கவிட்டு, அவற்றை அறுத்துப் பார்த்தார். கொசுவுக்குள் புழுக்குஞ்சுகள் வளர்ந்திருந்தன! மனித நோயைக் கடத்துவதில் பூச்சிக்குப் பங்குண்டு என்று காட்டிய முதல் கண்டுபிடிப்பு அது. மனித உடலில் அந்தக் குஞ்சுகள் பகலில் நுரையீரல் நாளங்களில் பதுங்கி, கொசு கடிக்கும் ராத்திரியில் தோலடி ரத்தத்துக்கு வருகின்றன என்பதும் பிறகு தெரிந்தது.

அதனால்தான் நம்மூர்ச் சுகாதாரப் பணியாளர்கள் ரத்தம் எடுக்க ஊரடங்கிய பிறகு கதவு தட்டினார்கள். விரல்நுனியில் குத்தி, கண்ணாடித் தகட்டில் சொட்டுகளைத் தடவி, வீட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனார்கள். தெருநாய் துரத்தியது, தூக்கம் கலைந்தவர்கள் ஏசினார்கள். அப்போது நன்றி சொன்ன வீடுகள் மிகக் குறைவு. அந்த வேலை பார்த்து ஓய்வு பெற்ற யாராவது இதைப் படித்தால் எனக்கு அவசியம் எழுதுங்கள். உங்கள் ராத்திரிகளை இந்தப் பத்தியில் முழுதாகப் போட வேண்டும்.