கனவைச் சொல்ல விடுங்கள்

"கெட்ட கனவை வெளியே சொல்லாதே" என்பது நம் வீடுகளில் வழங்கிவரும் அறிவுரை. அது அன்பினால் எழுந்ததே. எனினும், பலரையும் ஒருசேரத் தாக்கிய பெருந்துயருக்குப் பின் வரும் கனவுகளுக்கு அது பொருந்தாது என்பது எங்கள் கருத்து.

கொரோனாப் பெருந்தொற்று 2020-இல் பரவியபோது, ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியலாளர் டெயர்ட்ரி பாரெட் பல நாட்டு மக்களின் கனவுகளைத் திரட்டினார். ஒருவரையொருவர் அறியாத பலர், பூச்சிக் கூட்டம் தம்மைத் தாக்குவதாகக் கனவு கண்டிருந்தனர். கண்ணுக்குத் தெரியாத கிருமிக்கு மனம் ஓர் உருவம் கொடுத்திருந்தது. மருத்துவப் பணியாளர்கள் பலர், நோயாளியைக் காக்க முயன்றும் இயலாமற்போவதாகக் கனவு கண்டனர்.

இக்கனவுகளால் பயன் உண்டா? உறக்கத்தில் ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை, மூடிய இமைகளுக்குள் விழிகள் விரைந்து அசையும் கட்டம் வருகிறது. தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதே தோன்றுகின்றன. அந்நேரம் உணர்ச்சி சார்ந்த மூளைப் பகுதிகள் முனைப்புடன் இயங்குகின்றன. பதற்றத்தோடு தொடர்புடைய நார்அட்ரீனலின் மூளையில் குறைந்திருக்கிறது. அஞ்சிய நிகழ்வை, அச்சத்தின் கடுமை தணிந்த நிலையில், மனம் மீண்டும் எண்ணிப்பார்க்க இது வழிசெய்கிறது என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

பெருந்தொற்றில் பலருக்குத் தம் உறவினரின் முகத்தைக் கடைசியாகக் காணும் வாய்ப்பும் கிட்டவில்லை. அத்தகையோரின் கனவில் இறந்தவர் வந்து பேசினால், அதைத் தீய அறிகுறி என்றோ மனநோய் என்றோ எண்ணி அஞ்ச வேண்டா. அன்று பெறாமற்போன விடையை மனம் இன்று பெற்றுக்கொள்கிறது என்றே நாங்கள் கொள்கிறோம். "அம்மா என்ன சொன்னார்கள்?" என்று கேளுங்கள். பலன் கூறவும் வேண்டா, வற்புறுத்தவும் வேண்டா. பொறுமையாகக் கேட்டாலே போதும்.

ஆயினும் எல்லாக் கனவும் துயரை ஆற்றுவதில்லை. ஒரே கொடுங்கனவு மாறாமல் வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தாலோ, உறங்கவே அச்சம் ஏற்பட்டாலோ, மனநல மருத்துவரை அணுகுங்கள். அக்கனவின் போக்கை விழித்திருக்கும்போது தாம் விரும்பியவாறு மாற்றி எழுதி, நாள்தோறும் மனத்தில் ஒத்திகை பார்க்கும் பயிற்சி பலருக்குப் பயனளித்துள்ளது. வாழவே விருப்பமில்லை என்ற எண்ணம் தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

வீட்டில் ஒருவர் நள்ளிரவில் திடுக்கிட்டு எழுந்தால், "ஒன்றுமில்லை, படுத்துக்கொள்" என்பதற்கு முன், சிறிது நேரம் அவர் அருகில் அமர்ந்திருங்கள்.