முத்துக் கரையும் நம் சங்கங்களும்

பாண்டி நாட்டுக் கடற்கரை உலக வாணிகத்துக்கு உகந்த இடம் என்பதை நாம் பள்ளிப் பருவத்திலிருந்தே கேட்டு வருகிறோம். கொற்கை முத்தின் புகழும் யவனர் மரக்கலங்களின் வரவும் மேடைதோறும் பேசப்படுகின்றன. பெருமை பேசுவதில் பிழையில்லை. ஆயினும், தறியில் அமர்ந்திருப்பவருக்கும் வயலில் நிற்பவருக்கும் அக்கரையால் விளையும் பயன் யாது என்னும் வினா அப்பெருமையினும் இன்றியமையாதது. அவ்வினாவையே உறுப்பினர் பெருமக்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதற்கண் அக்கரையின் பலங்களை எண்ணிப் பார்ப்போம். ஐரோப்பாவையும் கிழக்காசியாவையும் இணைக்கும் பெருங்கப்பல் வழி இலங்கையின் தென்முனையைச் சுற்றிச் செல்கிறது. தூத்துக்குடி அவ்வழிக்கு அணித்தாக இருக்கிறது. கொழும்போ ஓரிரவுப் பயணத் தொலைவில்தான் உள்ளது. இலங்கைத் தீவு அரண்போல் நிற்பதால், வங்கக் கடலின் கடும்புயல்கள் சென்னையையும் நாகையையும் தாக்கும் அளவுக்கு இக்கரையைத் தாக்குவதில்லை. கடலுக்குள் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளும் இரண்டு அலைதடுப்புச் சுவர்களுக்கிடையே அமைந்த துறைமுகம், 1974ஆம் ஆண்டில் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011இல் அதற்கு வ.உ.சிதம்பரனாரின் பெயர் சூட்டப்பட்டது. 2024 செப்டம்பரில் புதிய பன்னாட்டுச் சரக்குப் பெட்டக முனையம் ஒன்றும் அங்குத் திறக்கப்பட்டது.

இவையெல்லாம் கடலும் அரசும் தந்த பலங்கள். ஆனால், கடல் தந்ததைக் கடலும் ஆறும் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பதற்கு அக்கரையே சான்று. ஒரு காலத்தில் பெருந்துறையாக விளங்கிய கொற்கை, தாமிரவருணி கொணர்ந்த வண்டலால் தூர்ந்து, இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே ஒரு சிற்றூராகக் கிடக்கிறது. அதன் பின் காயல் எழுந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு வியந்த துறை அது. அரபு நாட்டுக் குதிரைகள் அங்கு வந்து இறங்கின. காயலும் தூர்ந்தது, தூத்துக்குடி எழுந்தது. துறைகள் இடம் பெயர்ந்துகொண்டேயிருக்க, நிலைத்து நின்றது அவற்றின் பின்னே இருந்த நாட்டின் விளைவும் உழைப்புமே ஆகும்.

இன்றும் அப்படித்தான். திருப்பூரின் பின்னலாடையும் கரூரின் வீட்டுப் பயன்பாட்டுத் துணிகளும் தூத்துக்குடி வழியாகக் கப்பலேறுகின்றன. கரிசல் நிலத்துப் பருத்தி 19ஆம் நூற்றாண்டிலேயே ‘திருநெல்வேலிப் பருத்தி’ என்னும் பெயரோடு மேனாட்டு ஆலைகளுக்குச் சென்றது. வானம் பார்த்த நிலத்தில் விளையும் நிலாவரை இலை, ‘திருநெல்வேலி சென்னா’ என்னும் பெயரால் மேனாட்டு மருந்து நூல்களில் இடம் பெற்றுள்ளது. ஆதலின் துறைமுகத்தின் உண்மைப் பலம் கரையில் மட்டும் இல்லை. நம் ஊர்களிலும் இருக்கிறது. அப்பலத்தின் ஊதியத்தில் நம் பங்கு எவ்வளவு என்பதே கேள்வி.

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளுசு என்னும் கடல் வழி நூல், கொற்கையில் முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்று கூறுகிறது. கடலில் மூழ்கி எடுத்தவர் ஒருவர். விலை பெற்றவர் வேறொருவர். கைதிகள் நாமல்லோம், ஆயினும் விலை பெறும் இடத்துக்கும் நமக்கும் உள்ள தொலைவு இன்னும் குறைந்தபாடில்லை.

சங்கங்களின் ஆய்வுக்குச் செல்லும்போது நான் காண்பது இது. நெசவாளர் சங்கத்தின் விற்பனை தீபாவளி, பொங்கல் தள்ளுபடிக் காலத்தை நம்பியிருக்கிறது. மற்ற மாதங்களில் சரக்கு தேங்குகிறது. விளைவிப்போர் சங்கத்தில், அறுவடை நாளில் வண்டியோடு வருபவர் சொல்லும் விலையே விலையாகிறது. அதே துணியும் அதே விளைபொருளும் வேறொருவர் முத்திரையோடு கடல் கடக்கின்றன.

இதற்கு வணிகரைப் பழித்துப் பயனில்லை. அவர் செய்வது ஒரு வேலை. சரக்குப் பெட்டகம் இருபது அடி நீளமும் எட்டடி அகலமும் எட்டரை அடி உயரமும் உடையது. ஒரே தரமான சரக்கால், குறித்த நாளில், அதனை நிரப்பத் தனியொரு தொடக்கச் சங்கத்தால் இயலாது. பிறர் சரக்கோடு பெட்டகத்தைப் பகிர்ந்துகொண்டால் கன அளவுக்குரிய செலவு கூடுகிறது. பல ஊர்ச் சரக்கைத் திரட்டித் தரம் பிரித்து நிரப்புபவரே ஏற்றுமதியாளர் ஆகிறார். அவர் தனி முதலைக் கொண்டு செய்வதைப் பத்துச் சங்கங்கள் கூட்டு முதலைக் கொண்டு ஏன் செய்யலாகாது?

இக்கேள்விக்குத் தூத்துக்குடியிலேயே ஒரு பழைய விடை உண்டு. நம் நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது 1904இல். இரண்டே ஆண்டுகள் கழித்து, 1906இல், வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். பங்கு ஒன்று ரூ.25, பங்குகள் 40,000, மூலதனம் ரூ.10 லட்சம். அது கூட்டுறவுச் சங்கம் அன்று; எனினும் பலர் சேர்ந்தால் கப்பலும் வாங்கலாம் என்பதைக் காட்டியது. அதை ஒடுக்க வெள்ளையர் கம்பெனி பயணக் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. இலவசமாக ஏற்றிச் செல்லவும் முன்வந்தது. பயணிக்கு உதவுவது அதன் நோக்கமன்று. போட்டிக் கப்பலை ஒழிப்பதே நோக்கம். 1908இல் வ.உ.சி. சிறைப்பட்டார்; 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. சங்கம் ஓர் ஆணையை ஏற்றுக்கொண்ட பின், வெளியார் ஒருவர் சேலைக்குப் பத்து ரூபாய் கூட்டித் தருகிறார் என்று உறுப்பினர் சரக்கை அவரிடம் கொடுத்துவிட்டால், அன்றைய பத்து ரூபாய் கிடைக்கும். மறு ஆண்டின் ஆணை கிடைக்காது. அயல்நாட்டு வாணிகத்தில் வாக்குத் தவறிய சங்கத்தை மீண்டும் நாடுவார் அரியர். ஆகவே ஏற்றுமதிக்கு வேண்டிய முதல் மூலதனம் பணமன்று. ஏற்ற அளவைச் சங்கத்துக்கே தருவோம் என்னும் உறுதி.

இரண்டாவது வேண்டுவது தரம். 1960களில் சென்னைக் கட்டத் துணியின் சாயம் ஓடுவதையே சிறப்பாகக் கூறி அமெரிக்காவில் விற்றனர். அக்காலம் போயிற்று. தீங்கு தரும் அசோ சாயங்களை ஜெர்மனி 1994இல் தடை செய்தது; நம் அரசும் 1997இல் தடை விதித்தது. நூல் நம்பரும், அகலமும், சாயமும் முதல் சேலைக்கும் ஆயிரமாவது சேலைக்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். விளைபொருளாயின், தாவரநலச் சான்று வேண்டும். பூச்சிமருந்தின் எச்சம் வாங்கும் நாடு வகுத்த அளவைத் தாண்டலாகாது. ஓர் உறுப்பினர் தெளித்த மருந்து, ஒரு பெட்டகம் முழுவதையும் திருப்பி அனுப்பச் செய்துவிடும். ‘என் வயல், என் விருப்பம்’ என்னும் எண்ணம் இங்குச் செல்லாது.

“சிறு சங்கம் இத்தனை இடரை ஏற்கலாமா?” என்று கேட்பவர்கள் உண்டு. அது நியாயமான அச்சமே. காப்பு நிதியைக் கப்பலில் ஏற்றுங்கள் என்று நான் கூறவில்லை. வாங்குபவர் பணம் தரத் தவறும் இடருக்குக் காப்புறுதி அளிக்கும் ஏற்றுமதிக் கடன் உத்தரவாத அமைப்பு 1957 முதலே நம் நாட்டில் உள்ளது. கூட்டுறவுகளின் சரக்கை அயல்நாட்டுக்கு அனுப்பவே தேசியக் கூட்டுறவு ஏற்றுமதி நிறுவனம் 2023 ஜனவரியில் பதிவு செய்யப்பட்டது. தொடக்கச் சங்கங்களும் அதில் உறுப்பினராகலாம். முதலாண்டில் ஒரே ஒரு பொருள், ஒரே ஒரு பெட்டகம் என்று தொடங்குவதே முறை. தீபாவளித் தள்ளுபடியைக் கைவிட வேண்டுவதில்லை. அதை மட்டுமே நம்பியிராமல் இருந்தால் போதும்.

காலம் நமக்காகக் காத்திராது. ஆழமான இயற்கைக் கடலையுடைய விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே மாதத்தில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கொழும்பும் தன் முனையங்களைப் பெருக்கி வருகிறது. துறைமுகங்கள் ஒன்றோடொன்று போட்டியிடட்டும். அதனால் ஏற்றுமதிச் செலவு குறையுமேயன்றி நமக்குக் கேடில்லை. எந்தத் துறையில் பெட்டகம் ஏறினாலும், அதன்மேல் எழுதப்பட்ட பெயர் யாருடையது என்பதே நாம் கவலைப்பட வேண்டிய செய்தி.

ஆதலின் வரும் பேரவைக் கூட்டத்தில் ஒவ்வொரு சங்கமும் மூன்று பொருள்களை நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு வேண்டுகிறேன். நம் சரக்கில் அயல்நாட்டுக்கு ஏற்றது எது என்று தேர்தல் ஒன்று. அண்டைச் சங்கங்களோடு கூடிப் பொதுத் தரம் வகுத்தல் இரண்டு. ஒப்புக்கொண்ட அளவைச் சங்கத்துக்கே தருவதாக உறுப்பினர் கையொப்பமிடுதல் மூன்று. இம்மூன்றுக்கும் அரசின் ஆணை வேண்டியதில்லை, பெருந்தொகையும் வேண்டியதில்லை. நிர்வாகக் குழுவினர் முனைந்தால் அறிவிப்புச் சுற்றறிக்கை இந்த மாதமே உறுப்பினர் கைக்குச் சென்று சேரும்.