முதலில் ஒரு ரூபாய்... அப்புறம் கேமரா!

குட்டீஸ்... உங்களில் எத்தனை பேர் குட்டி குவாட்காப்டர் வைத்திருக்கிறீர்கள்? உள்ளங்கையில் உட்காரும், நாலு மூலையிலும் நாலு விசிறி, ரிமோட்டைத் தொட்டால் கொசு மாதிரி 'ங்ங்ங்...' என்று கத்திக்கொண்டு போய் சீலிங்கில் முட்டுமே... அதேதான்!

அது கைக்கு வந்த முதல் வாரம் கொண்டாட்டம்தான். அடுத்த வாரம் ஓர் ஆசை வரும். 'இதில் ஒரு கேமராவை மாட்டினால், அது பார்ப்பதை எல்லாம் நானும் பார்க்கலாமே!'

என் அக்கா மகனுக்கு, ஆறாம் வகுப்பு படிக்கும்போது இந்த ஆசை வந்தது.

'படிக்கிற பையனுக்கு கேமரா எதுக்குடா?' என்றார், அக்கா.

'கேமரா வெச்சதே கடையில விக்குது. பிறந்த நாளைக்கு வாங்கித் தர்றேன். அதுவரைக்கும் சும்மா இரு' என்றார், அத்தான்.

இரண்டு பேர் சொன்னதும் சரியில்லை என்பது என் கட்சி. அந்த ஆசையை அடக்கவும் கூடாது. காசைக் கொடுத்து முடித்துவிடவும் கூடாது. தன் கையால் மாட்ட வேண்டும். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

பறக்கிற ஒன்றின் மேல் கேமரா கட்டும் ஆசை, நூறு வருஷத்துக்கும் மேல் பழசு. ஜெர்மனியில், ஜூலியஸ் நியூபிரானர் என்று ஒருவர் இருந்தார். மருந்துக் கடை வைத்திருந்தவர், புறா வளர்த்தவர். புறாவின் மார்பில் கட்டுகிற மாதிரி, தானாகவே படம் எடுக்கும் குட்டி கேமரா ஒன்றைச் செய்து, 1908ல் காப்புரிமையும் வாங்கி விட்டார். அவர் பட்ட பாடெல்லாம் எதற்குத் தெரியுமா? எடைக்கு! ஒரு புறா தூக்கக்கூடியது, அதிகபட்சம் 75 கிராம். அதற்குள் கேமராவை அடக்க வேண்டும்.

நம் காலத்துக்கு வருவோம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ஜெஸ்ஸி பெர்கின்ஸ் என்பவர், 2016ல் 'இண்டக்ட்ரிக்ஸ்' என்ற பொம்மை குவாட்காப்டரில், சின்ன வயர்லெஸ் கேமரா ஒன்றைப் பொருத்தினார். விசிறிகளைச் சுற்றி வளையம் இருந்ததால், நாற்காலியில் இடித்தாலும் சேதம் இல்லை. பொம்மையில் இருந்து வரும் படத்தைப் பார்த்தபடியே, மேஜைக்கு அடியிலும், நாற்காலிக் கால்களுக்கு நடுவிலும் ஓட்டினார். அதற்கு, 'டைனி ஊப்' என்று பெயர் வைத்தார். பிறகு, உலகம் முழுக்க அதே மாதிரி வீட்டுக்குள்ளேயே பந்தயம் விட ஆரம்பித்து விட்டனர்!

பார்த்தீர்களா... அவர் புதிதாக விமானம் செய்யவில்லை. கடையில் விற்ற பொம்மையில், ஒரு சாமானைச் சேர்த்தார். அவ்வளவுதான்.

ஆனால், அந்த ஒரு சாமானைச் சேர்ப்பதில்தான் பாடமே இருக்கிறது. இந்த வகை கேமரா, படம் அனுப்பும் கருவி, ஏரியல் எல்லாம் சேர்த்து, நாலைந்து கிராம்தான் இருக்கும். கிட்டத்தட்ட ஒரு ரூபாய் நாணயத்தின் எடை! 'பூ, இவ்வளவுதானா...' என்று நினைக்காதீர்கள். உங்கள் பொம்மையே 20 கிராம்தான். 20 கிலோ பையன் ஒருவன், 4 கிலோ புத்தகப்பையைச் சுமக்கிற மாதிரி. அதுவும், அந்தரத்தில் நின்றுகொண்டு!

எடை, ஐந்தில் ஒரு பங்கு கூடினால், மிதக்கத் தேவைப்படும் சக்தியும் ஐந்தில் ஒரு பங்குதானே கூடும்? இல்லை, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடி விடும். அதனால் பேட்டரி சீக்கிரம் தீரும்.

அதனால்தான், அக்கா மகனிடம், 'கேமரா இருக்கட்டும். முதலில் ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டி ஓட்டிக் காட்டு' என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். 'மாமா, விளையாடாதீங்க' என்றான். ஆனாலும், டேப் வைத்து ஒட்டினான்.

நாணயம் இல்லாமல், 5 நிமிடம் 10 நொடி பறந்தது. நாணயத்தோடு, 3 நிமிடம் 50 நொடி! அதுவும் மூக்குப் பக்கமாக ஒட்டியதில், பொம்மை முன்பக்கம் குனிந்து, சுவரைப் பார்த்தே ஓடியது. நடுவில் மாற்றி ஒட்டினான், சரியாகி விட்டது.

'கேமரா முன்னாலதானே இருக்கணும்? நடுவுல வெச்சா எப்படித் தெரியும்?' என்று அவனே கேட்டான். அரைமணி நேரம் கழித்து, 'பேட்டரியைக் கொஞ்சம் பின்னால தள்ளிட்டா?' என்று அவனே பதிலும் சொன்னான்.

கேமராவோடு வருகிற பொம்மையை வாங்கியிருந்தால், இந்தக் கேள்வி அவனுக்கு வந்தே இருக்காது. நான், 'வாங்காதே, மாட்டு' என்று சொல்வது இதற்காகத்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. விலை குறைந்த கேமரா பொம்மைகள் பல, 'வை - பை' மூலம் மொபைல் போனுக்குப் படம் அனுப்புகின்றன. அந்தப் படம் கொஞ்சம் தாமதமாக வரும். கால் நொடி தாமதம் என்று வைத்துக் கொள்ளுங்கள். பொம்மை, நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் போகிறது. திரையில் சுவர் அரை மீட்டர் தூரத்தில் தெரியும்போது, நிஜத்தில் முட்டியே இருக்கும்!

தனியாகக் கிடைக்கும் குட்டி கேமராக்களில், பழைய டிவி மாதிரி அனலாக் முறையில் படம் அனுப்புபவை உண்டு. படம் கொஞ்சம் புள்ளி புள்ளியாக இருக்கும். ஆனால், உடனே வந்து விடும். ரிமோட், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசும்; கேமரா, 5.8ல் பேசும். ஒன்றின் குறுக்கே மற்றொன்று வராது. 5.8 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம், சுமார் 5 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு நீளம் இருந்தால் ஏரியலுக்குப் போதும். அந்தக் கம்பி, உங்கள் சுண்டு விரல் நகம் அளவுக்கு இருப்பது அதனால்தான். அது இல்லாமல் மட்டும், கேமராவுக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் கருவி சூடாகிக் கெட்டுப் போகும்.

மாட்டும் வேலை சுலபம். பொம்மையின் பேட்டரியில் இருந்தே கேமராவும் ஓடும், 3.7 வோல்ட்டில் ஓடுவதாகப் பார்த்து வாங்க வேண்டும். சிவப்பு ஒயரோடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு. சால்டரிங் வைக்கும்போது, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். பெரியவர் இருந்தால் தப்பே நடக்காது என்றும் நினைக்காதீர்கள். எங்கள் வீட்டில், ஒயரை மாற்றிக் கொடுத்து, முதல் கேமராவைப் புகைய விட்டது அவன் இல்லை... நான்தான்!

பேட்டரி விஷயத்தில் மட்டும், நான் ரொம்பக் கண்டிப்பு. லித்தியம் பேட்டரி உப்பினாலோ, நசுங்கினாலோ, திரும்ப சார்ஜ் போடவே கூடாது, தீப்பிடிக்கும். சார்ஜ் ஏறும்போது, அறையை விட்டுப் போகவும் கூடாது.

இரண்டாவது கேமரா வேலை செய்தது. அன்று மாலையே மொட்டை மாடிக்குப் போனான். பக்கத்து வீட்டு மாடிக்கு மேல், பொம்மை ஒரு சுற்று சுற்றியது. அங்கே, கூழ் வடாம் காய வைத்துக்கொண்டிருந்த பாட்டி, நிமிர்ந்து பார்த்தார். மறுநாள் காலை, எங்கள் வீட்டு வாசலில் நின்றார்.

'ஏம்மா, உன் பிள்ளை எங்க வீட்டைப் படம் புடிக்கிறானாமே?' என்றார்.

'ஐயோ பாட்டி, நான் எதையும் பதிவு பண்ணலை. சும்மா பார்த்தேன்' என்றான், அக்கா மகன்.

'நான் நைட்டியோட நிக்கறதை, நீ எதுக்குடா சும்மா பார்க்கணும்?' என்றார் பாட்டி.

பதில் இருக்கிறதா, குட்டீஸ்? எனக்குத் தெரிந்து இல்லை. நம் நாட்டில், 2021ல் வந்த ட்ரோன் விதிகளின்படி, 250 கிராமும் அதற்குக் குறைவாகவும் இருப்பவை, 'நானோ' வகை. அவற்றை ஓட்ட பைலட் சான்றிதழ் தேவையில்லை. அத்தான் இதைச் சொல்லித்தான், பையனுக்குப் பரிந்து பேசினார். எனக்கு ஒப்பவில்லை. அரசாங்கம் சான்றிதழ் கேட்கவில்லை என்றால், பாட்டியிடமும் கேட்க வேண்டாம் என்றா அர்த்தம்? கேமரா இல்லாத வரைக்கும், அது தவறி வந்து விழும் பொம்மை. பந்து மாதிரி எடுத்துக் கொடுப்பார்கள். கேமரா வந்த பிறகு, அது எட்டிப் பார்க்கிற ஆள்.

இன்னொன்றையும் அவனிடம் சொன்னேன். அந்த அனலாக் படத்துக்குப் பூட்டு கிடையாது. அதே சேனலில் ரிசீவர் வைத்திருக்கும் யாரும், பக்கத்தில் இருந்தால், நீ பார்ப்பதை அப்படியே பார்க்கலாம். நம் வீட்டு ஹாலில் நீ ஓட்டும்போது, நம் வீடும் அவர்களுக்குத் தெரியும். அவன் அன்றைக்குத்தான் கொஞ்சம் பயந்தான். 'அப்போ பாட்டிக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா?' என்றான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனே போய் மன்னிப்புக் கேட்டு விட்டு வந்தான். பாட்டி உடனே சமாதானம் ஆகவில்லை. 'மாடிப் பக்கம் வந்தா, துடைப்பத்தால அடிச்சு இறக்கிடுவேன்' என்று சொல்லித்தான் அனுப்பினார்.

இப்போது ஹாலுக்குள் மட்டும்தான் ஓட்டுகிறான். ஓட்டுவதற்கு முன், 'கேமரா போடப் போறேன்' என்று சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பது, அக்கா போட்ட சட்டம். சோபாவுக்கு அடியில் நுழைந்து, சாப்பாட்டு மேஜையின் நாலு கால்களையும் சுற்றி, ஜன்னல் ஓரமாகத் திரும்புவதற்குள், பேட்டரி தீர்ந்து விடுகிறது. இதுவரை அதிகபட்சம், 3 நிமிடம் 20 நொடி. மேல் மூடியில் தேவையில்லாத பிளாஸ்டிக்கை வெட்டினால், ஒரு கிராம் குறையுமாம். நேற்று முழுக்கக் கத்தரிக்கோலும் கையுமாக இருந்தான்.