சிலைகள் காணி உறுதிகளல்ல

வவுனியா நகரிலே தொல்பொருளியல் திணைக்களத்தின் சிறியதோர் அரும்பொருட்காட்சிச்சாலை உண்டு. அநுராதபுரக் காலத்துப் புத்தர் சிலைகளும், கிளிநொச்சிப் பகுதியிற் கிடைத்த சுடுமண் உருவங்களும் அங்கே வைக்கப்பட்டுள்ளன. அச்சிலைகளைக் கண்டதும் ஒரு சாரார், "இவை எம்முடையவை, ஆகவே இந்நிலமும் எம்முடையதே" என்பர். மறுசாரார், "இவை எம்முடையவையல்ல, இவற்றைப்பற்றிப் பேசாதிருத்தலே நன்று" என்பர். எதிரெதிர்த் திசைகளில் நிற்பவர்போலத் தோன்றினும், இவ்விரு சாராரும் ஒரே தவற்றினையே இழைக்கின்றனர். கலைப்பொருளை இருவருமே காணி உறுதியாக வாசிக்கின்றனர்.

முதலாஞ் சாராரின் வாதத்தை முதலில் நோக்குவோர்க்கு ஓர் ஒப்பீடு போதுமானது. 1877ஆம் ஆண்டிலே திறக்கப்பெற்ற கொழும்பு நூதனசாலையில், பொலன்னறுவையிற் கண்டெடுக்கப்பட்ட சைவ வெண்கலப் படிமங்கள் போற்றிப் பேணப்படுகின்றன. நடராசரும் நாயன்மாரும் அங்குள்ளனர். அவற்றைக் காட்டிப் பொலன்னறுவையின் வயல்களைச் சைவர் கோரினால் உலகம் நகைக்கும், நகைப்பதே முறையுமாகும். பொலன்னறுவைக்குப் பொருந்தாத நியாயம் வன்னிக்கு மாத்திரம் எவ்வாறு பொருந்தும்? முல்லைத்தீவு மாவட்டத்துக் குருந்தூர்மலையில் 2021ஆம் ஆண்டு தொடங்கிய அகழ்வு, விரைவிலே கட்டுமானமாக வளர்ந்தது. அதனை நிறுத்துமாறு 2022இல் நீதிமன்றம் கட்டளையிட வேண்டியதாயிற்று. அகழ்வுக் குழியிலிருந்து வெளிவரும் பொருள் ஆய்வு மேசைக்குச் செல்லுமுன் வழிபாட்டுப் பீடத்துக்குச் செல்லுமாயின், அது தொல்லியலாகாது. எல்லைக்கல் நாட்டும் அளவையாளர் கண்ணிற் படுவது போலவே அகழ்வாளரும் வன்னி உழவர் கண்ணிற் படுவாராயின், குற்றம் அவ்வுழவருடையதன்று.

எனினும் மறுசாராரின் மௌனமும் மன்னிக்கத்தக்கதன்று. பௌத்தம் தமிழர்க்கு அந்நியமானது என்னும் எண்ணத்தை அவர்கள் எங்கிருந்து பெற்றனர்? மணிமேகலையைக் காப்பியமாகக் கொண்டாடும் ஓரினம், புத்தர் சிலையைக் கண்டு ஒதுங்குதல் விந்தையே. நாகபட்டினத்திலே சோழர் ஆதரவோடு விகாரை விளங்கிற்று. திருகோணமலைக்கு அண்மையிலுள்ள வெல்கம் விகாரை, இராசராசப் பெரும்பள்ளி என்னும் பெயர்தாங்கித் தமிழ்க் கல்வெட்டுகளோடு நின்றது. இவற்றை அறிந்திருந்தும் வாளாவிருத்தல், வரலாற்றைத் தாமே பிறர்க்குத் தானஞ் செய்தலாகும். உரிமை பேசுவார் இல்லாத பொருளுக்கு நேர்வது யாது என்பதற்கும் வடபுலத்திலேயே சான்றுண்டு. வல்லிபுரத்துப் புத்தர் சிலையை 1906இல் ஆளுநர் ஹென்றி பிளேக் சீயத்து மன்னருக்கு அன்பளிப்பாக அனுப்பினார். சிலை போயிற்று, அதனோடு அதன் சூழலும் போயிற்று.

வன்னியின் பழமை இவ்விரு வாதங்களிலும் அடங்குவதன்று. இரணைமடுப் படிவுகளிற் காணப்பட்ட கற்கருவிகள் ஒரு இலட்சம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட மனித வாழ்வைக் காட்டுவன. அக்கருவிகளைச் செய்தவர் எம்மொழி பேசினர் என்று கேட்பார் எவருமிலர். வவுனிக்குளம் இலங்கையின் மிகப் பழைய குளங்களுள் ஒன்றென ஹென்றி பார்க்கர் கருதினார். கற்சிலைமடுவில் 1904ஆம் ஆண்டு நாட்டப்பட்ட கல், 1803 ஒக்டோபர் 31இல் பண்டாரவன்னியனைக் கப்டன் வொன் டிறிபேர்க் தோற்கடித்தமையைக் கூறிற்று. வன்னித் தலைவன் ஒருவனின் நினைவைக்கூட வென்றவனின் மொழியிலேயே பொறித்த கல் அது. இனி, முல்லைத்தீவின் கோவலன் கூத்தும், வற்றாப்பளைக் கண்ணகியம்மன் பொங்கலில் உப்புநீரில் விளக்கெரிக்கும் வழக்கும் கல்லிலோ வெண்கலத்திலோ இல்லை. கூத்தின் முடியும் உடுப்பும் ஏட்டுச் சுவடியும் கலைப்பொருள்களல்லவா? இவற்றுக்கு இடமளிக்காத காட்சிச்சாலை வன்னியின் காட்சிச்சாலையாகுமா?

"போரிலே கூரையிழந்த மக்களுக்கு நூதனசாலை எதற்கு?" என்று வினவுவாரும் உளர். கேட்பதற்கு நியாயமான வினாவே. ஆனால், நூதனசாலை வேண்டுமா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் வாய்ப்பு அம்மக்களுக்குக் கிடைக்கவில்லை. 2009இல் போர் முடிந்ததும் புதுக்குடியிருப்பிலே கைப்பற்றப்பட்ட படகுகளும் படைக்கலங்களும் காட்சிக்கு வைக்கப்பட்டன. கிளிநொச்சியில் வீழ்ந்துகிடந்த நீர்த்தாங்கியும் காட்சிப்பொருளாயிற்று. தென்னிலங்கையிலிருந்து பேருந்துகளில் மக்கள் வந்து பார்த்துச் சென்றனர். ஆகவே வன்னிக்குக் காட்சிச்சாலை வந்தேவிட்டது. வராதது வன்னி மக்கள் தம் வரலாற்றைத் தாமே அடுக்கிவைக்கும் காட்சிச்சாலையே. குழந்தைகள் தம் மண்ணைப்பற்றி முதன்முதலிற் காண்பது தோல்வியின் இரும்பாக இருத்தல் தகுமா?

செய்யவேண்டியவை அரியனவல்ல. ஒவ்வொரு பொருளும் எவ்வூரில், எவ்வாண்டில், எம்மண்ணடுக்கிற் கிடைத்தது என்பதை மூன்று மொழிகளிலும் எழுதிவைத்தல் வேண்டும். கண்டெடுக்கப்பட்ட மாவட்டத்திலேயே அப்பொருள் தங்குதல் வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் தொல்லியல் பயிற்றுகின்றது. 2021ஆம் ஆண்டு முதல் வவுனியாவும் தனிப் பல்கலைக்கழகம் பெற்றுள்ளது. அங்கெல்லாம் பயிலும் தமிழ், சிங்கள, முஸ்லிம் மாணவர் ஒரே குழியில் இறங்கி, ஒரே பதிவேட்டில் எழுதுதல் வேண்டும். ஊரவர் முன்னிலையில் நிகழாத அகழ்வு ஐயத்தையன்றி வேறெதனையும் தோண்டியெடுக்காது.

காணி உறுதிகள் காணிக் கந்தோரில் இருக்கட்டும். வவுனியாவின் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் சுடுமண் உருவத்தைப் பிசைந்த குயவன், யாருக்கும் சாட்சி சொல்ல அதனைச் செய்தானல்லன். அதனைச் சாட்சிக் கூண்டிலிருந்து இறக்கி, கலையாகவும் வாழ்வாகவும் காணத்தக்க கண்களை வளர்ப்பதே கற்றோர் கடன். அக்கடனை இன்னும் ஒரு தலைமுறை தள்ளிப்போடுமாயின், காட்டுவதற்குப் பொருள் இருக்கும். காண்பதற்கு ஊர் இராது.