பிரகடனம் போயும் போகாத ஆணைகள்

1972 செப்டம்பர் 23 இரவு பிலிப்பைன்ஸ் அதிபர் ஃபெர்டினாண்ட் மார்க்கோஸ் தொலைக்காட்சியில் தோன்றி, நாடெங்கும் ராணுவச் சட்டம் அமலுக்கு வந்துவிட்டதாக அறிவித்தார். மக்கள் அதைக் கேட்பதற்கு முன்பே எதிர்க்கட்சி செனட்டர் பெனிக்னோ அக்கினோ காவலில் இருந்தார்; பத்திரிகை அலுவலகங்கள் பூட்டப்பட்டிருந்தன. மீண்டும் போட்டியிட வழியில்லாத மார்க்கோஸின் பதவிக்காலம் முடிய அப்போது 15 மாதங்களே பாக்கி.

அவர் சட்டத்தைத் தூக்கி எறிந்தார் என்பது பாதி உண்மைதான். வழக்கறிஞரான மார்க்கோஸ் ஒவ்வொரு அடிக்கும் கையில் ஒரு காகிதம் வைத்திருந்தார். 1973 ஜனவரியில் ஊர்க்கூட்டங்களில் கையைத் தூக்கச் சொல்லி, புதிய அரசமைப்புக்கு மக்கள் ஒப்புதல் கிடைத்துவிட்டதாகப் பிரகடனம் செய்தார். உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 10 பேரில் 6 பேர் அது முறைப்படியான ஒப்புதல் அல்ல என்றே கருதினர். ஆனாலும் அதை எதிர்த்த மனுக்கள் 6-4 என்று தள்ளுபடியாயின! 1976இல் இன்னொரு திருத்தம்: ராணுவச் சட்டத்தை விலக்கிக்கொண்ட பிறகும் அதிபர் ஆணை போட்டே சட்டம் இயற்றலாம். எனவே 1981 ஜனவரியில், போப் வருகைக்குச் சில வாரங்கள் முன்பு, ராணுவச் சட்டப் பிரகடனத்தை ரத்து செய்ததில் அவருக்கு நஷ்டம் எதுவுமில்லை.

1986 மக்கள் எழுச்சிக்குப் பின் எழுதப்பட்ட அரசமைப்பு இந்தக் கதவுகளில் பலவற்றை அடைத்தது. ராணுவச் சட்டத்துக்கு 60 நாள் வரம்பு, 48 மணி நேரத்துக்குள் நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு அறிக்கை, நீதிமன்றம் 30 நாளில் தீர்ப்பு சொல்லக் கெடு. எல்லாம் நல்ல ஏற்பாடுகள். ஆனால் அதே அரசமைப்பின் இடைக்கால விதி, பழைய ஆணைகள் ரத்து செய்யப்படும்வரை செல்லும் என்றது. நமது ஆட்சேபம் இங்கேதான்.

மார்க்கோஸின் 705ஆம் எண் ஆணையைப் பாருங்கள். 1975இல் வந்த இந்த வனச் சட்டத்தின்படி, 18 சதவீதமோ அதற்கு மேலோ சரிவுள்ள பொதுநிலத்தைத் தனியாருக்குப் பட்டா கொடுக்கும் நிலமாக வகைப்படுத்த முடியாது. 100 மீட்டர் தூரத்துக்கு 18 மீட்டர் ஏற்றம் இருந்தால் போதும். பழங்குடிகள் வாழும் கார்டில்லேரா மலைகளில் இதற்குத் தப்பும் நிலம் எவ்வளவு? தலைமுறை தலைமுறையாகப் படிக்கட்டு வயல்களில் நெல் விளைவித்தவர்கள் ஒரே கையெழுத்தில் காகிதப்படி ஆக்கிரமிப்பாளர்கள் ஆனார்கள். பழங்குடிகளின் மூதாதையர் நிலத்தை அங்கீகரிக்கும் சட்டம் வர 1997 ஆயிற்று. ஆணை இன்னும் சட்டப் புத்தகத்தில்தான் இருக்கிறது.

எல்லா ஆணைகளையும் ஒரே நாளில் ரத்து செய்தால் நிர்வாகம் நின்றுபோகும் என்பார்கள். நியாயமான கவலைதான், தொழிலாளர்கள் நம்பியிருக்கும் 1974 தொழிலாளர் சட்டமும் மார்க்கோஸ் போட்ட ஆணையே. அதற்காக எல்லாவற்றுக்கும் சாகாவரம் தர வேண்டுமா? மூன்று ஆண்டு கெடு வைத்து, வேண்டியதை விவாதித்து நிறைவேற்றிக்கொள், மற்றவை காலாவதி என்று எழுதியிருக்கலாம்.

நமக்கும் இது அயல்நாட்டுக் கதை அல்ல. நெருக்கடி நிலைப் பிரகடனத்தின் பலத்தில் மட்டுமே நாடாளுமன்றம் இயற்றும் சட்டம், பிரகடனம் முடிந்து ஆறு மாதங்களில் செயலிழக்கும் என்கிறது நமது அரசமைப்பின் 250ஆவது பிரிவு. அரசமைப்புத் திருத்தங்களுக்கு அந்தக் கெடு கிடையாது. நெருக்கடி நிலை அமலில் இருந்த 1976இல் 42ஆவது திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்குக் கொண்டுபோனபோது தமிழக சட்டமன்றமே இல்லை. அந்த ஆண்டு ஜனவரி 31 அன்று திமுக அரசோடு கலைக்கப்பட்டிருந்தது. 1978இல் வந்த 44ஆவது திருத்தம் பல தவறுகளைச் சரிசெய்தது, இந்தக் கல்வி மாற்றத்தைத் தொடவில்லை.

பிலிப்பைன்ஸ் காங்கிரஸ் மார்க்கோஸ் ஆணைகளுக்கு ஒரு முடிவு தேதி குறிக்கட்டும். நமது நாடாளுமன்றம் கல்வியை மாநிலப் பட்டியலுக்குத் திருப்பித் தரட்டும். பொதுப்பட்டியலில்தான் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள், மாநிலங்களின் சட்டமன்றங்கள் முழு உயிரோடு இருக்கும் இந்தக் காலத்தில் புதிய திருத்தம் கொண்டுவந்து, வாக்கெடுப்பில் வென்று காட்டட்டும்.