பொய்யைக் கேட்க ஐந்து கேள்விகள்

தோட்டா ஒருவனைத் துளைக்கும். துணிந்து சொன்ன பொய்யோ ஊரையே துளைக்கும். மேடை அழகுக்காக நாம் இதைக் கூறவில்லை. 2023 மார்ச்சில் திருப்பூர் கண்ட காட்சி அது.

பீகார்த் தொழிலாளரைத் தமிழ்நாட்டிலே வெட்டுகிறார்கள், விரட்டுகிறார்கள் என்று படங்கள் பறந்தன. ஒன்று, திருப்பூரில் பீகார்க்காரர் இரு கூட்டத்தார் தமக்குள் மோதிக்கொண்டது. மற்றொன்று, கோவையில் உள்ளூர்க்காரரிடையே நடந்த தகராறு. காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு இதை விளக்கினார். அதற்குள் பீகார் சட்டமன்றத்திலே அமளி! ஹோலிக்கு ஊர் செல்ல மூட்டை கட்டியவனோடு, அஞ்சி மூட்டை கட்டியவனும் ரயிலேறினான். முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டையில் கட்டிங் முடிந்த துணி தையலுக்குக் காத்துக் கிடந்தால், தூத்துக்குடிக் கப்பல் காத்திருக்குமா?

இந்த வித்தையை ஆராய்வதிலேயே பேர்பெற்ற பேராசிரியர் ஒருவர் உண்டு. அமெரிக்கர், ஹரால்டு லாஸ்வெல் என்று பெயர். 1902ல் பிறந்தவர், 16 வயதிலே சிகாகோ பல்கலைக்கழகம் புகுந்தவர். முதல் உலகப்போரில் நாடுகள் நடத்திய பிரச்சாரப் போரை ஆய்ந்து 1927ல் நூல் தந்தார். படைபலம், பொருள்பலம், இவற்றோடு பிரச்சாரமும் ஒரு போர்க்கருவி என்று காட்டினார்.

அந்தப் போரிலேதான், 1917ல், ஜெர்மானியர் பிணங்களைக் காய்ச்சிக் கொழுப்பெடுக்கிறார்கள் என்று இலண்டன் ஏடுகள் எழுதின. அதற்கு ஆதாரமில்லை என்று அந்நாட்டு அயலுறவு அமைச்சர் ஆஸ்டன் சேம்பர்லேன் பாராளுமன்றத்திலே ஒப்புக்கொண்டது 1925ல்! பொய் பரவ ஒரு பொழுது. உண்மை வந்துசேர எட்டு ஆண்டு.

1948ல் லாஸ்வெல் ஐந்து கேள்விகளை வகுத்தார். சொன்னவர் யார்? சொன்னது என்ன? எந்த வழியாக? யாரிடம்? விளைந்தது என்ன? திருப்பூரை இந்தத் தராசிலே வைப்போம். சொன்னவர், அந்த இடத்தில் இல்லாதவர். சொன்னது, ஒட்டுப்போட்ட படம். வழி, கைபேசி. கேட்டவள், ஆயிரம் கல் தொலைவிலே மகனை நினைத்து ஏங்கும் தாய். விளைவு, அச்சம்.

ஆனால் தோழர்களே, விரலை அங்கே மட்டும் நீட்டலாமா? அதே ஆண்டு ஜனவரியில் திருப்பூரில் நடந்த ஒரு கைகலப்பு, 'வடக்கத்தியான் தமிழனை விரட்டுகிறான்' என்று இங்கே பரவியதே, அப்போது இந்த ஐந்தையும் நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? பொய்க்கு விதை எங்கிருந்தும் வரலாம். முளைக்க மண் வேண்டுமே! அந்த மண்ணை நம் இளப்பப் பேச்சும் உழுது கொடுக்கிறது.

திணிப்பை எதிர்ப்பது வேறு. பிழைக்க வந்தவனைப் பழிப்பது வேறு. இந்தியைத் திணிக்காதே என்று முழங்கிய இதே மண்ணில்தான், அஞ்சியவனுக்கு அவன் மொழியிலேயே அபயம் சொன்னது காவல்துறை. அது தோல்வியல்ல, பண்பாடு. பீகாரிலிருந்து நால்வர் குழு வந்தது. திருப்பூரில் தொழிலாளரிடம் நேரே பேசியது. கண்ணால் கண்ட பின்புதான் கலக்கம் தணிந்தது.

ஆகவே நாம் கேட்பது பெரிதல்ல. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் அடிப்பவனும் செக்கிங் பார்ப்பவளும், எந்த மொழிக்காரரானாலும், இந்த ஐந்து கேள்விகளையும் அறியட்டும். ஓட்டை விழுந்த துணியைச் செக்கிங்கிலே ஒதுக்கத் தெரிந்த ஊர், ஓட்டை விழுந்த செய்தியை ஒதுக்கக் கற்காதா?